கோழிக்கு மூச்சுத் திணறல்: கடலூர், புதுச்சேரிப் பகுதியில் வீட்டுக்கோழி வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஐப்பசி மழை பிடித்ததும் பாகூர், வில்லியனூர் தொடங்கி நெல்லிக்குப்பம், பண்ருட்டி வரை கொல்லைப்புறக் கோழிகளிடம் தும்மலும் கரகரப்பும் கேட்கத் தொடங்கிவிடும். பெரும்பாலான வீடுகளில் அப்போது நடப்பது ஒன்றுதான். “கோழிக்குச் சளி” என்று மருந்துக் கடையில் சொல்வார்கள். ஒரு பொட்டலம் கிடைக்கும். அதைத் தண்ணீரில் கலக்கி வைப்பார்கள். சில கோழிகள் பிழைக்கும், சில சாகும், எது எதனால் என்று யாருக்கும் விளங்காது. சளி ஓர் அறிகுறி மட்டுமே. அதற்குப் பின்னால் வைரஸ், பாக்டீரியா, பூஞ்சை, புழு, கூண்டின் கெட்ட காற்று, வெயில் ஆகியவற்றில் எதுவும் இருக்கலாம். பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன் கோழியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இவற்றை எழுதுகிறேன்.

கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. இது நோயா, வெயிலா?

நேரத்தையும் எண்ணிக்கையையும் பாருங்கள். சித்திரை, வைகாசி மாதப் பிற்பகலில் எல்லாக் கோழிகளும் இறக்கையை உடலிலிருந்து சற்று விலக்கி, நிழலில் நின்று, சத்தமில்லாமல் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது வெயிலின் வேலை. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. தொண்டை வழியாக ஈரத்தை ஆவியாக்கித்தான் உடலைத் தணித்துக்கொள்கிறது. நம் கடலோரக் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் அந்த வழியும் பாதி அடைபட்டுப்போகிறது. கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களைவிடக் கடற்கரை ஊர்க் கோழிகள் குறைந்த வெயிலிலேயே திணறுவது இதனால்தான்.

நிழலும் குளிர்ந்த தண்ணீரும் கொடுங்கள். மண்பானைத் தண்ணீர் போதும். ஒரு லிட்டருக்கு ஒரு சிட்டிகை உப்பும் ஒரு தேக்கரண்டி வெல்லமும் கரைத்து வைக்கலாம். காலையும் கொண்டையையும் நனைத்துவிடலாம். ஐஸ் தண்ணீரில் முக்கி எடுக்காதீர்கள். அந்த அதிர்ச்சியிலேயே கோழி செத்துப்போகக்கூடும். பொழுது சாய்ந்ததும் மூச்சு சீராகிவிட்டால் கவலை இல்லை.

அதிகாலைக் குளிர்ச்சியில் ஒரு கோழி மட்டும் வாயைத் திறந்து நின்றால் கதை வேறு. அது நோய்.

வீட்டிலேயே எப்படிப் பரிசோதிப்பது?

முதலில் பிடிக்காமல் பாருங்கள். துரத்திப் பிடித்த கோழிக்கு எப்படியும் மூச்சு இரைக்கும்; அதன்பின் மூச்சை எண்ணுவதில் பயனில்லை. தூரத்திலிருந்து வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். ஓய்வாக இருக்கும் சேவலுக்கு நிமிடத்துக்கு 20-ஐ ஒட்டியும் பெட்டைக்கு 30-ஐ ஒட்டியும் இருக்கும். மூச்சுக்கு ஒரு முறை வால் மேலும் கீழும் ஆடினால் அந்தக் கோழி மூச்சுக்காகப் பாடுபடுகிறது என்று பொருள்.

இரவில் கோழிகள் அடைந்து ஒரு மணி நேரம் கழித்து, விளக்குப் போடாமல் கூண்டருகே நின்று காதுகொடுங்கள். பகலில் கேட்காத கரகரப்பு, குறட்டை, சின்னத் தும்மல் எல்லாம் அந்த அமைதியில் தெளிவாகக் கேட்கும். எத்தனை கோழியிடமிருந்து சத்தம் வருகிறது என்பதும் தெரிந்துவிடும். நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை.

அடைந்திருக்கும் கோழியை மெதுவாக எடுங்கள். நெஞ்சை அழுத்திப் பிடிக்கவே கூடாது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருந்து மூச்சிழுக்க உதவும் உதரவிதானத் தசை நமக்கு இருப்பதுபோல் கோழிக்கு இல்லை; நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்றுப்பைகள் வழியாக நுரையீரலுக்குக் காற்றுப் போகும். குழந்தைகள் பாசத்தோடு இறுக்கிப் பிடித்தாலே நோய்க்கோழி மூச்சடைத்துப் போகும்.

பிறகு டார்ச் அடித்து வரிசையாகப் பாருங்கள். கொண்டை சிவப்பா, வெளுப்பா, நீலமா? கண்ணில் நுரை இருக்கிறதா? கண்ணுக்குக் கீழே வீக்கம் உண்டா? மூக்குத் துளைக்குப் பக்கத்தில் மெல்ல அழுத்தினால் நீர் வருகிறதா, அது தெளிவா, கெட்டியா, நாறுகிறதா? அலகைத் திறந்து நாக்கின் அடியையும் தொண்டையையும் பாருங்கள். கடைசியாக எச்சத்தைப் பாருங்கள். இந்தப் பரிசோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். மருத்துவரிடம் போகும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

முகம் ஒரு பக்கமாக வீங்கி, கண் மூடி, மூக்கிலிருந்து கெட்ட நாற்றம் வருகிறது. என்ன நோய்?

பெரும்பாலும் கோரைசா. பாக்டீரியாவால் வருவது. தொற்றிய ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் முகம் வீங்கிவிடும். ஒரே வாரத்தில் எல்லாக் கோழிக்கும் பரவிவிடும். அந்த நாற்றத்தை ஒரு முறை நுகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். மழையும் குளிர்காற்றும் சேரும் கார்த்திகை, மார்கழியில்தான் இங்கே அதிகம் பார்க்கிறோம்.

சாவு குறைவு. ஆனால் கண் திறக்க முடியாத கோழி தீனியைப் பார்க்க முடியாமல் பட்டினியால் மெலிந்துபோகும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்துக் கண்ணையும் மூக்கையும் காலை, மாலை துடைத்துவிடுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தையும் தீனியையும் அலகுக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். ஆன்டிபயாடிக் இதற்குக் கேட்கும். எதை, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்லட்டும். வீக்கத்துக்குள் சீழ் கட்டித்துப் போயிருந்தால் அதை வீட்டில் பிளேடால் கீறாதீர்கள். கண்ணுக்கு மிக அருகில் இருக்கும் இடம் அது.

குணமான கோழியும் கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கும் என்பதுதான் இந்த நோயின் பெரிய தொல்லை. அடுத்த மழைக்குப் புதுக் கோழி வந்தால் அதற்கும் ஒட்டிக்கொள்ளும். கிருமியோ கோழியின் உடலுக்கு வெளியே சில நாட்களுக்கு மேல் தாங்காது. எனவே பழைய கோழிகளையெல்லாம் கழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க நினைப்பவர்கள் கூண்டைக் கழுவி, வெயிலில் காயவிட்டு, சில வாரங்கள் காலியாகப் போட்டுவைத்தால் போதும்.

வாரக்கணக்கில் கரகரப்பு இருக்கிறது. ஆனால் மேய்கிறது, முட்டையும் இடுகிறது. விட்டுவிடலாமா?

மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியால் வரும் நாள்பட்ட சுவாச நோயாக இருக்கலாம். கண்ணோரம் நுரை, இரவில் கரகரப்பு, முட்டை கொஞ்சம் குறைவது ஆகியவை இதன் அடையாளங்கள். கோழியைச் சட்டென்று கொல்லாது. ஆனால் இதனால் பலவீனப்பட்ட மூச்சுக்குழலில் வேறு கிருமி சேர்ந்தால் நிலைமை மோசமாகும். டைலோசின், டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகள் கரகரப்பை அடக்கும். கிருமியை வேரோடு எடுக்காது. முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும் என்பதால் இப்படிப்பட்ட கோழியின் முட்டையை அடைவைக்காதீர்கள். இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

கரகரப்போடு முட்டை ஓடு சுருங்கியோ கோணலாகவோ வந்து, வெள்ளைக்கரு தண்ணீராக இருந்தால் தொற்று மூச்சுக்குழல் அழற்சி என்ற வைரஸ் நோயைச் சந்தேகிக்கலாம்.

வெள்ளைக்கழிச்சலுக்கும் மூச்சுத் திணறலுக்கும் தொடர்பு உண்டா?

நிச்சயமாக உண்டு. ராணிக்கெட் நோய் என்பதும் இதுதான். கழிச்சல் என்ற பெயரால், வயிற்றோடு முடிகிற நோய் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பல கோழிகளில் முதல் அறிகுறியே தும்மலும் வாய் திறந்த மூச்சும்தான். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ பச்சையும் வெள்ளையும் கலந்த எச்சம், தலை கவிழ்தல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல், கால் இறக்கை செயலிழத்தல் என்று வரிசையாக வரும். தடுப்பூசி போடாத கோழிகளில் தீவிர வகை புகுந்தால் ஒன்று கூட மிஞ்சாமல் போகலாம். கோழிகளை விற்றுக் குழந்தைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டும் வீடுகள் இங்கே உண்டு. ஒரே வாரத்தில் பஞ்சாரம் காலியாவது அந்த வீடுகளுக்குச் சின்ன இழப்பு அல்ல.

இது வைரஸ் நோய். வந்தபின் மருந்து கிடையாது. ஆன்டிபயாடிக் கிடைத்தாலும் வைரஸைத் தொடாது. பிழைத்த கோழிக்குக் கழுத்து திருகலாகவே நின்றுவிடுவதும் உண்டு. இந்த வைரஸ் மனிதருக்குக் கண்சிவப்பைத் தரும் என்பதால் நோய்க்கோழியைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள்.

வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி எப்போது, எப்படிப் போடுவது?

குஞ்சு பொரித்த ஏழாம் நாளை ஒட்டி எஃப்-1 அல்லது லசோட்டா சொட்டு மருந்து, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நான்காம் வாரத்தில் லசோட்டா மறுபடியும். எட்டாம் வாரத்தில் இறக்கைப் பகுதியில் தோலுக்கடியில் ஊசி. இந்த ஊசி மருந்து வீரியமானது. எட்டு வாரத்துக்குக் குறைந்த குஞ்சுக்குப் போடக் கூடாது. தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும், பெரும்பாலும் பிப்ரவரியில், இருவாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது, கட்டணம் இல்லை. உங்கள் ஊருக்கு என்றைக்கு என்பதைக் கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, அன்று காலை கோழிகளைத் திறந்துவிடாமல் வைத்திருங்கள். மரத்தில் ஏறிவிட்ட சேவலை ஊசியோடு துரத்த யாராலும் முடியாது.

மருந்துக் குப்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு குப்பியில் நூறு கோழிக்கோ அதற்கு மேலோ மருந்து இருக்கும். கரைத்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். மிச்சத்தை எடுத்து வைக்க முடியாது. ஐந்து கோழி வைத்திருப்பவர் தனியாக வாங்கினால் வீண்தான். தெருவில் நான்கைந்து வீட்டார் பேசிக்கொண்டு ஒரே நாளில் போட்டுக்கொள்ளுங்கள். செலவும் மிச்சம், தெரு முழுவதும் பாதுகாப்பும் கிடைக்கும். வாங்கிய இடத்திலிருந்து வீடு வரும் வரை ஐஸ் நிரப்பிய பிளாஸ்கில்தான் வர வேண்டும். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்த மருந்து வெறும் தண்ணீருக்குச் சமம். குடிநீரில் கலந்து கொடுக்கும் வகையென்றால் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் உதவாது.

ஊசிக்குப் பிடிக்க முடியாத மேய்ச்சல் கோழிகளுக்காகவே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் வாய்வழித் தீனியாகக் கொடுக்கும் குருணை வடிவத் தடுப்பு மருந்து ஒன்றை உருவாக்கியிருக்கிறது. கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். ஏற்கெனவே நோய் கண்டிருக்கும் கோழிக்கு எந்தத் தடுப்பூசியும் போடாதீர்கள்.

வாய்க்குள் மஞ்சள் படலம் படிந்திருக்கிறது. சுரண்டினால் இரத்தம் வருகிறது.

சுரண்டாதீர்கள். கோழி அம்மையின் உள்வகை இது. கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் வருவது வெளிவகை. அது தானாக உதிர்ந்துவிடும். உள்வகையில் படலம் வளர்ந்து மூச்சுக்குழல் வாயை அடைத்தால் கோழி திணறிச் சாகும். கொசுதான் பரப்புகிறது, வெள்ளம் வடிந்த பின் தேங்கும் தண்ணீரில் கொசு பெருகும் நாட்களில் அம்மையும் பெருகும். தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், உடைந்த பானை எதிலும் நீர் நிற்க விடாதீர்கள். இதற்கும் தடுப்பூசி உண்டு.

வாய்க்குள் சின்னச் சின்ன வெள்ளைக் கொப்புளங்களும் கண்ணில் கட்டித்த அழுக்கும் இருந்து, கோழிக்குப் பச்சையே கிடைக்காமல் அரிசி மட்டும் போட்டு வளர்த்திருந்தால் வைட்டமின் ஏ குறைபாடாகவும் இருக்கலாம். முருங்கைக்கீரையை நறுக்கிப் போடுங்கள்.

கழுத்தை நீட்டி நீட்டிக் கொட்டாவி விடுகிறது, தலையை உதறுகிறது. மூக்கில் நீரே இல்லை.

மூச்சுக்குழல் புழுவாக இருக்கலாம், முக்கியமாக இளங்கோழிகளில். மண்புழு, நத்தை தின்று மேயும் கோழிக்கு வருவது. மூச்சுக்குழலின் உள்சுவரில் சிவப்புப் புழுக்கள் ஒட்டியிருக்கும். ஆணும் பெண்ணும் பிரியாமல் இணைந்தே இருப்பதால் ஒவ்வொரு சோடியும் கவட்டை வடிவில் தெரியும். கழுத்து இறகை ஒதுக்கி இருட்டில் டார்ச் ஒளியைத் தோலோடு வைத்துப் பார்த்தால் சில நேரம் கண்ணுக்கே தெரிந்துவிடும். பென்பெண்டசோல் வகைக் குடற்புழு மருந்து எடைக்கேற்ப, தொடர்ந்து சில நாட்கள் கொடுக்க வேண்டும். ஒரே வேளை போதாது.

இதே போல் கழுத்தை நீட்டித் திணறி, இருமலோடு இரத்தம் தெறித்துச் சுவரிலோ இறகிலோ கறை தெரிந்தால், தொற்றுக் குரல்வளை அழற்சி என்ற வைரஸ் நோயை மருத்துவர் சந்தேகிப்பார். அன்றே காட்டுங்கள்.

அடைகாத்துப் பொரித்த குஞ்சுகள் முதல் இரு வாரங்களில் மூச்சிரைத்துச் சாகின்றன. சளிச் சத்தமே இல்லை.

தரையில் பரப்பிய கூளத்தை எடுத்து முகர்ந்து பாருங்கள். இந்தப் பக்கம் மல்லாட்டை (நிலக்கடலை) தோல் எளிதாகக் கிடைப்பதால் அதையே கூளமாகப் போடுகிறோம். காய்ந்தால் நல்ல கூளம். மழைச்சாரல் பட்டுப் பூஞ்சை பிடித்தால் அதைப்போலக் குஞ்சுக்குக் கேடு வேறில்லை. ஒரு பிடி எடுத்து உதறினால் சாம்பல்பச்சை நிறத்தில் தூசு பறக்கும். அந்தத் தூசு முழுவதும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகளாக இருக்கலாம். நுரையீரலிலும் காற்றுப்பையிலும் கடுகளவு மஞ்சள் முடிச்சுகளாக அது வளர்கிறது. நோய் கண்ட குஞ்சைக் காப்பாற்றுவது அரிது. மிச்சக் குஞ்சுகளை உடனே வேறிடத்துக்கு மாற்றி, கூளத்தை முழுவதும் வாரி அகற்றுங்கள். ஆன்டிபயாடிக் கொடுத்தால் பூஞ்சைக்குத்தான் வசதி. பூசணம் பிடித்த தவிடும் கடலைப் பிண்ணாக்கும் இதே கணக்கில் சேரும்.

கூண்டுக்குள் நுழைந்தால் கண் எரிகிறது. சுண்ணாம்பு தூவலாமா?

அமோனியா. ஈரமான எச்சத்திலிருந்து எழும் இந்த வாயு காற்றில் பத்து லட்சத்துக்கு 25 பங்கைத் தாண்டினாலே கோழியின் மூச்சுக்குழல் பழுதாகத் தொடங்கும். அதன்பின் எல்லா நோயும் எளிதாக நுழையும். நின்றபடி முகர்ந்தால் சரியாகத் தெரியாது. கோழியின் உயரத்துக்குக் குனிந்து முகருங்கள்.

ஈரமான எச்சத்தின் மேல் சுண்ணாம்பைத் தூவினால் அமோனியா அடங்காது, இன்னும் வேகமாக எழும். முதலில் ஈரக் கூளத்தை வாரி வெளியே கொட்டுங்கள். வெறும் தரையில் சுண்ணாம்பு அடித்துக் காயவிடுங்கள். பிறகு காய்ந்த உமியோ மரத்தூளோ பரப்புங்கள். புயலுக்குப் பயந்து கூண்டைச் சுற்றித் தார்ப்பாய் கட்டுகிறோம். 2011 ‘தானே’, 2024 ‘ஃபெஞ்சல்’ ஆகிய இரண்டு புயல்களையும் பார்த்த ஊர்க்காரர்களிடம் கட்டாதீர்கள் என்று சொல்ல முடியாது. கோழி அடையும் உயரம் வரை சாரலை மறைத்துவிட்டு, கூரையை ஒட்டி ஒரு சாண் இடைவெளி விடுங்கள். கொசுவுக்காகக் கூண்டுக்குள் சாம்பிராணியோ வேப்பிலையோ புகைப்பதையும் விட்டுவிடுங்கள். கொசுவலை கட்டுவது மேல்.

மருந்துக் கடையில் நானே ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்கக் கூடாதா?

வேண்டாம். மேலே சொன்னவற்றில் வைரஸ், பூஞ்சை, புழு, அமோனியா, வெயில் எதற்கும் அது உதவாது. உதவக்கூடிய நோய்க்கும் இரண்டு நாள் கொடுத்து நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிப்போகும். மனிதருக்குக் கடைசி நேரத்தில் கைகொடுக்கும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை உணவுக்கான கால்நடைகளுக்குப் பயன்படுத்த இந்திய அரசு 2019-இல் தடை விதித்தது இந்த அச்சத்தால்தான். பழைய பொட்டலம் வீட்டில் இருந்தால் தூக்கி எறியுங்கள்.

மருத்துவர் எழுதிக் கொடுத்தால், முட்டையும் கறியும் எத்தனை நாள் கழித்துச் சாப்பிடலாம் என்பதை அங்கேயே கேளுங்கள். மருந்துக்கு மருந்து அது மாறும்.

கைவைத்தியம் கேட்குமா?

துளசி, ஆடாதொடை, மிளகு, மஞ்சள், பூண்டு, சின்ன வெங்காயம் அரைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் நெடுநாள் பழக்கம். தீனியோடு பிசைந்து, தானாகக் கொத்தித் தின்னும் கோழிக்குக் கொடுப்பதில் தவறில்லை, பசியைத் தூண்டும். வெள்ளைக்கழிச்சலை அது நிறுத்தும் என்று நம்பித் தடுப்பூசியைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

திணறும் கோழியின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். கோழியின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடியிலேயே இருக்கிறது. டார்ச் அடித்தால் திறந்து மூடும் சிறு பிளவாகத் தெரியும். ஊற்றும் கஷாயமும் எண்ணெயும் நேராக அங்கே போய்விடும். தண்ணீர் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் சொட்டுக்குழாயால் அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து, அது விழுங்கும் வரை காத்திருந்து, அடுத்த சொட்டை வையுங்கள்.

நோய்க்கோழியைத் தனியே வைப்பதும் வைத்தியத்தில் பாதி. காற்றோட்டமான, சாரல் படாத மூலையில் ஒரு பெட்டி. மழைக்காலமென்றால் ஒரு பக்கம் மட்டும் 40 வாட் குண்டு பல்பு, சூடு அதிகமானால் கோழி மறுபக்கம் நகர இடம். நல்ல கோழிகளுக்கு முதலில் தீனி வைத்துவிட்டு, கடைசியாக நோய்க்கோழியிடம் போங்கள். சந்தையிலிருந்து வாங்கிய புதுக் கோழியையும் இதே முறையில் ஒரு மாதம் தனியே வைக்க வேண்டும்.

பறவைக் காய்ச்சலாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

முந்தைய நாள் மேய்ந்த கோழிகள் காலையில் கூட்டமாகச் செத்துக் கிடப்பது, கொண்டையும் தாடியும் நீலம் பாய்ந்து வீங்குவது, காலில் இரத்தத் திட்டு ஆகியவற்றைப் பார்த்தால் வெறும் கையால் தொடாதீர்கள், அறுக்காதீர்கள், விற்காதீர்கள், மற்றவருக்குக் கொடுக்காதீர்கள். அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்கு உடனே தகவல் சொல்லுங்கள். வெள்ளைக்கழிச்சலின் தீவிர வகையும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். இரண்டையும் ஆய்வகத்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

எங்கே காட்டுவது? இறந்த கோழியை என்ன செய்வது?

முதலில் உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகம். தமிழ்நாட்டுப் பக்கம் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ சேவையைக் கேட்கலாம். கடலூரில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் இருக்கிறது. புதுச்சேரியில் குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

கோழி வளர்ப்பவர்கள் பலர் இறந்த கோழியைப் புதைத்துவிட்டு, உயிரோடு இருப்பதை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பிரேதப் பரிசோதனை சொல்லும் அளவுக்கு வேறெதுவும் நோயைக் காட்டாது. பறவைக் காய்ச்சல் சந்தேகம் இல்லையென்றால், செத்துச் சில மணி நேரத்துக்குள், கையுறை போட்டு, இரண்டு பிளாஸ்டிக் பைகளில் கட்டி, சுற்றிலும் ஐஸ் வைத்துக் கொண்டுபோங்கள். உறைபெட்டியில் வைக்காதீர்கள், உறைந்த திசுவை ஆய்வு செய்வது கடினம். மற்றவற்றை நாய் தோண்ட முடியாத ஆழத்தில், கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி, மேலும் கீழும் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.